டதி பள்ளியின் தொடக்கம் பற்றி

ஜேம்ஸ் டதி ஐயர் என்ற கிறிஸ்தவ மிஷனரிதான் நாகர்கோவில் டதி பெண்கள் பள்ளியை ஆரம்பித்தார், முதலில் அது வெறும் லேஸ் பின்னும் கூடம்தான் என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். இரண்டும் சரியில்லை.

ஜேம்ஸ் டதியின் பெயர் பள்ளிக்குப் பிற்பாடு வந்தது. அவருக்கு முன்பே மிஷனரிகளான சார்லஸ் மீட் 1818-லும் மால்ட் தம்பதியர் 1819-லும் இங்கே வந்துவிட்டார்கள். பெண்களுக்கான அந்த விடுதிப் பள்ளியைத் தொடங்கி வளர்த்தது அவர்கள் வீட்டுப் பெண்கள்தான், குறிப்பாக மார்த்தா மால்ட். டதி திருவிதாங்கூருக்கு வந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து.

லேஸ் விஷயத்துக்கு வருவோம். திண்டில் ஊசி குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. ஆனால் அந்தப் பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்றார்கள். லேஸ் விற்ற காசு பள்ளிச் செலவுக்குக் கைகொடுத்தது. அடிமைகளாகப் பிறந்த சில பெண்கள் அந்தச் சம்பாத்தியத்தில் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இதைப் போய் வெறும் தையல் வகுப்பு போலச் சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்கிற பெரிய அநியாயம். அதை எழுதியவர் தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.