1968-இல் பறிபோனது குடியுரிமை அல்ல

“பிரிட்டனின் 1968 காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் கென்ய இந்தியர்களின் பிரிட்டிஷ் குடியுரிமையைப் பறித்துவிட்டது” என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, நடந்தது அதைவிடக் கொடியது. குடியுரிமை அவர்களிடமே இருந்தது, பாஸ்போர்ட்டும் இருந்தது. பிரிட்டனுக்குள் நுழையும் உரிமைதான் போய்விட்டது. தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாடாளுமன்றத்தில் மூன்றே நாளில் நிறைவேற்றினார்கள். கென்ய வெள்ளையர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டிவிட்டார்கள். நைரோபியில் கடை வைத்திருந்த குஜராத்தியால் தாண்ட முடியவில்லை. இது இனப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையமே 1973-இல் தன் அறிக்கையில் சொன்னது.

அந்தக் குடியுரிமையின் பெயர் மாறியது பிறகுதான். 1981 பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இவர்களில் பலர் ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள்’ ஆனார்கள். வசிக்கும் உரிமை அப்போதும் இல்லை.

2003 ஏப்ரல் 30 முதல், இந்தப் பிரிவினரில் வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் முழுப் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் 2002 ஜூலை 4-க்குப் பிறகு வேறொரு குடியுரிமையைத் தாமாகக் கைவிட்டவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. மலேசியாவில் இதே பிரிவைச் சேர்ந்த சிலர் இதை அறியாமல் தங்கள் மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிட்டு, எந்த நாடும் ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள்.