பொம்மை கொடுத்தால் பையன் திருநங்கை ஆகிவிடுவானா?

"பையனுக்குப் பொம்மை கொடுத்து, பூ வைத்து அழகு பார்த்தால் திருநங்கை ஆகிவிடுவான், சீக்கிரம் டாக்டரிடம் காட்டினால் குணமாகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வளர்ப்புதான் பாலின அடையாளத்தை, அதாவது தான் ஆணா பெண்ணா என்ற உள்ளுணர்வை, முடிவுசெய்கிறது என்றால், கனடாவின் டேவிட் ரைமர் பெண்ணாகவே வாழ்ந்திருப்பார். 1965-இல் ஆணாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது நுனித்தோல் அகற்றும் சிகிச்சையில் உறுப்பு கருகிப்போனதால், டாக்டர்கள் பேச்சைக் கேட்டுப் பெண்ணாக வளர்த்தார்கள். கவுன், பொம்மை, ஹார்மோன் மாத்திரை என எல்லாம் கொடுத்தும் ஒட்டவேயில்லை. பதின்ம வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கிவிட்டார். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தா இது மாறப்போகிறது? பெரும்பாலான குழந்தைகளுக்குத் தான் ஆணா பெண்ணா என்ற உணர்வு மூன்று, நான்கு வயதிலேயே தெரிய ஆரம்பிக்கும். இதற்கு ஒற்றைக் காரணம் என்று எதுவும் கிடையாது.

அப்புறம் அந்த 'குணமாகும்' கதை. திருநங்கையாக இருப்பது மனநோயே அல்ல. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில், இது மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பாலின அடையாளத்தை மாற்றும் 'சிகிச்சை'க்கு சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-இல் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. வகைப்பாடும் தீர்ப்பும் இணையத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.