மானூத்து மந்தையிலே கிராமத்துப் பாட்டா, இல்லையா?

ரகுமானுக்குக் கிராமத்துப் பாட்டு வருமா வராதா என்கிற பஞ்சாயத்து திரும்பவும் என் டைம்லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கோஷ்டி பாரதிராஜா படமான 'கிழக்குச் சீமையிலே'யைத் தூக்கி வைத்து "இதுக்கு மேல என்ன வேணும்" என்கிறது. எதிர் கோஷ்டி "அது கீபோர்டுல தட்டுன கிராமம், மண்வாசனைன்னா ராஜா மட்டும்தான்" என்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக இதே சண்டை. நான் அந்த ஆல்பத்தின் பக்கம்தான். ஆனால் எங்கள் கோஷ்டி சொல்கிற காரணங்கள் பாதிக்கு மேல் எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

1993-ஐ நினைத்துப் பாருங்கள். 'ரோஜா' வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 'ஜென்டில்மேன்', 'திருடா திருடா' எல்லாம் அதே ஆண்டு. 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்பது அப்போது பாதி வசவு. இந்தப் பக்கம் பாரதிராஜா. '16 வயதினிலே' தொடங்கி 'முதல் மரியாதை' தாண்டியும் அவர் காட்டிய கிராமத்துக்குக் காது கொடுத்தவர் இளையராஜா. அப்படிப்பட்ட பாரதிராஜா 'கிழக்குச் சீமையிலே' என்கிற அண்ணன் தங்கை கதையை எடுத்துக்கொண்டுபோய் கோடம்பாக்கத்துப் பையனிடம் கொடுத்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வராதா? வந்தது. அதில் தப்பே இல்லை.

தப்பு வேறு இடத்தில். "மண்வாசனை இல்லை" என்று சொன்னவர்கள் எந்த மண்ணோடு ஒப்பிட்டார்கள்? பெரும்பாலானோர் ஒப்பிட்டது 1976-ல் 'அன்னக்கிளி'யிலிருந்து வானொலியில் கேட்டுப் பழகிய சத்தத்தோடு. அதற்கு முன்னால் சினிமாவில் கிராமம் இல்லாமலா இருந்தது? 1957-லேயே மருதகாசி எழுத, கே.வி.மகாதேவன் இசையில் மணப்பாறை மாடு கட்டி ஏர் பூட்டிவிட்டார்கள். ஆனால் 'அன்னக்கிளி'க்கு அப்புறம் கிராமம் என்றாலே ராஜாவின் காது வழியாகக் கேட்ட கிராமம் என்று ஆகிவிட்டது. அந்தப் பாட்டுகளில் வயலின் கூட்டம் கூட்டமாக வரும், கோரஸ் வரும். எந்த நடவு வயலில் அத்தனை வயலின் வைத்துக்கொண்டு நாற்று நட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம், அது மகா இசை. ஆனால் அங்கே கேட்காத கேள்வியை கீபோர்டிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்?

எங்கள் கோஷ்டியின் பதிலும் சரியில்லை. "உடுக்கை இருக்கு, புல்லாங்குழல் இருக்கு" என்று வாத்தியக் கணக்கு காட்டுகிறார்கள். வாத்தியத்தால் கிராமம் வருவதாக இருந்தால் 'திருடா திருடா'வின் 'ராசாத்தி'யை என்ன செய்வீர்கள்? வாத்தியமே கிட்டத்தட்ட இல்லை. சாகுல் ஹமீது குரலும் கோரஸும் மட்டும். கிராமம் அப்படியே இறங்குகிறது. (இந்த மனுஷன் சாலை விபத்தில் அவ்வளவு சீக்கிரம் போயிருக்கக்கூடாது.)

சரி, குரலா காரணம் என்றால் அதிலும் ஒரு வம்பு. 'கிழக்குச் சீமையிலே'யில் பாடியவர்களைப் பாருங்கள். எஸ்.பி.பி., ஜானகி, மனோ தெலுங்கு. ஜெயச்சந்திரன், சித்ரா, சுஜாதா மலையாளம். மலேசியா வாசுதேவன் பெயரிலேயே இருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கதைக்கு இந்தக் கூட்டணி!

என்னைக் கேட்டால், பாட்டு எந்த வேலைக்காகப் போடப்பட்டது என்பதில்தான் விஷயம். இந்தப் படத்தின் 'கத்தாழங்காட்டு வழி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கப்பட்டுப் போகிற பொண்ணு, வண்டி, போகிற வழி. அவ்வளவுதான் சங்கதி. வைரமுத்து பெரியகுளம் பக்கத்து வடுகபட்டியில் வளர்ந்தவர், அவருக்கு அந்த வழி தெரியும். உவமைகளைக் கொட்டாமல் காட்டுவழி, ரோட்டுவழி என்று தடம் சொல்லியே நம் தொண்டையை அடைக்க வைக்கிறார். மெட்டும் அவசரப்படாமல் வண்டி போகிற வேகத்திலேயே போகிறது. ஜெயச்சந்திரன் எந்த இடத்திலும் கிராமத்துக் குரலை நடிக்கவில்லை. தன் சொந்தக் குரலில் பாடுகிறார், ஜானகியம்மா பதில் சொல்கிறார். கிராமத்தான் மாதிரிப் பாடுகிறேன் என்று தொண்டையைக் கட்டிக்கொள்பவர்களை உட்கார வைத்து இதைக் கேட்கவிட வேண்டும்.

இதே படத்தின் தாய்மாமன் சீர்ப் பாட்டான 'மானூத்து மந்தையிலே'க்கு நான் வக்காலத்து வாங்கவே தேவையில்லை. எங்கள் பக்கம் சடங்கு வீட்டுக்கோ காதுகுத்துக்கோ போயிருந்தால் தெரியும். தெருமுனையில் தாய்மாமன் வீட்டு ஆட்கள் தாம்பாளத் தட்டோடு வரிசை கட்டி நிற்பார்கள். மாமன் புதுவேட்டி நழுவுகிறதா என்று ஒரு கையால் பிடித்துப் பார்த்துக்கொள்வார். மேளம் சற்று ஓய்ந்ததும் மைக்செட் தம்பி யாரையும் கேட்காமல் இந்தப் பாட்டைப் போடுவான். அதுவரை வெயிலுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தைமார்களின் நடையே மாறும். அந்தத் தம்பி படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டான். சீர் சுமக்கிற நேரத்துக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது, சனங்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். போட்டது கீபோர்டா நாதஸ்வரமா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

ஆல்பம் முழுக்க இப்படியா என்றால் இல்லை. 'ஆத்தங்கர மரமே' நல்ல பாட்டு, ஆனால் ரகுமானின் அன்றைய வேறு எந்தப் படத்தில் வைத்தாலும் பொருந்தியிருக்கும். 'எதுக்கு பொண்டாட்டி' வந்தால் இன்றைக்கும் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவன் நான். 'தென்கிழக்குச் சீமையிலே' வேறு ரகம். '16 வயதினிலே'யில் கேட்ட அதே மலேசியா வாசுதேவன் இங்கே வந்து பாடும்போது, பழைய ரசிகனுக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கியிருக்கும்.

அடுத்த வருஷமே பாரதிராஜா, ரகுமான் சேர்ந்த 'கருத்தம்மா'வில் நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாளைக் கூட்டிவந்து பாடவைத்தார்கள். அந்தப் படத்தின் 'போறாளே பொன்னுத்தாயி'க்குத்தான் ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது. இரண்டு ஆல்பத்தில் எது பெரிது என்று கேட்டால் நான் 'கிழக்குச் சீமையிலே'யைத்தான் சொல்வேன். அடிக்க வராதீர்கள்.

இந்தக் காலத்து ஆல்பங்களைப் பற்றி நிறைய எழுதலாம். 2021-ல் 'கர்ணன்' வந்தபோது கிடாக்குழி மாரியம்மாள் குரல் முதன்முறை கேட்டு உடம்பு சிலிர்த்தது. அங்கே 'கண்டா வரச்சொல்லுங்க'வுக்கு ஒரு வேலை இருந்தது, போனவனைக் கூப்பிடுகிற வேலை. அதற்கப்புறம் வருகிற முக்கால்வாசி 'ஃபோக்' பாட்டுகளில் உருமி லூப் ஒன்று, நாலு 'ஏலே', ரெண்டு 'யாத்தே', நடுவில் ஒரு குலவை. கதையில் எதற்காக அந்தப் பாட்டு வருகிறது என்று கேட்டால் இயக்குநருக்கே தெரியாது போலிருக்கிறது. கீபோர்டைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கமும் வாருங்கள்.

கமெண்ட்டில் சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னது தெற்கத்திப் பக்கத்துக் கதை. கொங்குப் பக்கம், டெல்டா பக்கம், வட ஆற்காடு பக்கம் தாய்மாமன் சீர் வரும்போது உங்கள் ஊரில் என்ன பாட்டு போடுகிறார்கள்?