ஐம்பது தடவை எழுதினாள், ஒரு தடவைகூட வாசிக்கவில்லை

போன வாரம் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மகளின் நோட்டைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு. 'நான் தினமும் பாடத்தை வாசிப்பேன்' என்று 50 வரி இம்போசிஷன். அதை அவள் வரி வரியாக எழுதவில்லை. முதலில் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை 'நான்', அப்புறம் அதன் பக்கத்தில் 'தினமும்', அப்புறம் 'பாடத்தை'. நாமும் அப்படித்தானே எழுதினோம்! இருபது வரி தாண்டியதும் 'வாசிப்பேன்' ஒரு புள்ளியைத் தொலைத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அது தமிழே இல்லை. "இதை எனக்கு வாசிச்சுக் காட்டு பாப்போம்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசிக்க வராத பிள்ளைக்கு எழுதக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு நாலைந்து வருடமாகக் கோபம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2022இல் வேடசந்தூர் பக்கம் எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் (தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டம்) நடத்தினேன். சாயங்காலம் 5 மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அதில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். அம்மா நூற்பாலையில் ஷிப்ட். பயல் படு கெட்டிக்காரன், கடைக்குப் போனால் சில்லறைக் கணக்கில் ஒரு ரூபாய் ஏமாற்ற முடியாது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வயிற்றுவலி வந்துவிடும்.

முதல் நாள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து, படத்துக்குக் கீழே இருந்த சொல்லை வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து, "ப... இட்... ட... இம்..." என்றான். சரி, சேர்த்துச் சொல்லு என்றேன். ஒரு நொடி படத்தைப் பார்த்தான். "காத்தாடி!"

சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. அவன் சொன்னதில் தப்பே இல்லை. நாம் 'இக், இங், இச்' என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்? புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக உச்சரிக்க வராது என்பதால் முன்னால் ஓர் 'இ' சேர்த்துக்கொள்கிறோம். அது எழுத்தின் பெயர், ஒலி இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த 'இ'யைத் தாங்களாகவே கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது கழலவே மாட்டேன் என்கிறது. 'ப இட் ட இம்' என்பதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'பட்டம்' வராது. 'பட்டம்' என்று சொல்லிக்கொண்டே கை தட்டச் சொல்லுங்கள், இரண்டு தட்டுதான் வரும். தாளில் இருப்பதோ நான்கு எழுத்து. காதில் இரண்டாகக் கேட்பதைக் கண்ணில் நான்காகப் பிரிக்கிறோமே, வாசிப்பின் கஷ்டமெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை 50 தடவை எழுதி எப்படிக் கற்றுக்கொள்வது?

நம் எழுத்து சுலபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், நமக்கு வந்துவிட்டது என்பதால். கொம்பைக் கண் முதலில் பார்க்கிறது, வாய் அதைக் கடைசியில் சொல்ல வேண்டும். ஆகார வரிசை முழுக்க ஒரே கால் என்று நிம்மதியாக இருந்தால், உகர வரிசையில் கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. பையனுக்குப் பெரிய வில்லன் துணைக்கால். அதற்கும் 'ர'வுக்கும் அடியில் ஒரு சின்னச் சாய்கோடுதான் வித்தியாசம், கையெழுத்தில் அதுவும் கிடையாது. 'பால்' அவனுக்கு எப்போதும் 'பரல்'தான். (1978க்கு முன் ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவில் இருந்தன, காலே கிடையாது. அந்த ஆண்டு அரசு ஏற்ற சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் அவையும் உண்டு. பழையது வேண்டும் என்று சொல்லவரவில்லை. என் பாட்டி 'லை'க்குத் துதிக்கை போட்டு எழுதியதை நானே சிறுவயதில் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.)

அதே திண்ணையில் ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். ஒடிசாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பம். ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒடியாவிலும் 'கொ' எழுத முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட வேண்டும், அதனால் கொம்பு அவளைப் பயமுறுத்தவில்லை. 'கல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க'வை மூன்று விதமாகச் சொல்கிறோமே, எதை வைத்து என்றுதான் கேட்டாள். ஒடியாவில் தனித்தனி எழுத்து இருக்கிறதே! இரண்டே மாதத்தில் தினத்தந்தி தலைப்பைக் கடகடவென்று வாசித்தாள். ஆனால் "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால் முழிப்பாள். பையனுக்கோ நான் வாசித்துக் காட்டினால் எல்லாம் புரியும், கதையில் அடுத்து என்ன வரும் என்பதுகூடத் தெரியும். எழுத்துக்கூட்டத்தான் வராது.

பள்ளியில் இருவர் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தன. 'மெல்லக் கற்கும் மாணவர்கள்'. இருவருக்கும் ஒரே மருந்து, 247 எழுத்தையும் பார்த்து எழுது. அவளுக்குத் தேவை பேச்சும் கதையும். அவனுக்குத் தேவை ஒலியும் பொறுமையும். ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துக்கொண்டு பதிவேடும் நிரப்புகிறவரிடம் போய் என்ன கேட்பது? அதே ஆண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. யோசனை நல்லதுதான். ஆனால் திண்ணையில் "நான் மலரு, நீ இன்னும் அரும்புடா" என்று கேலி வர ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பையனுக்கு எழுதுவதை முழுக்க நிறுத்தினேன். பிஸ்கட் அட்டையை வெட்டி ப, ட, ம மூன்றும், புள்ளி வைத்த அதே மூன்றும். படம், மடம், பட்டம், மட்டம். கை தட்டு, சொல்லு, அட்டையை வை. புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்லவே கூடாது, முன்னால் இருப்பதோடு ஒட்டித்தான்: பட்-டம். ஒரு வாரம் இந்த ஆறு அட்டைதான். அப்புறம் க, ல. கால் வந்தபோது அதற்கு மட்டும் சிவப்பு மை.

வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் அவனைப் பார்த்துவிட்டு, டிஸ்லெக்சியாவாக (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், பரிசோதித்துச் சான்று வாங்குங்கள் என்றார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொள்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்றெல்லாம் சலுகை உண்டு. அவன் அம்மாவிடம் சொன்னேன். "சான்று வாங்குனா பைத்தியம்னு ஊருக்குள்ள பேசிருவாங்கக்கா" என்றார். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, எழுத்தையும் ஒலியையும் கோக்கிற இடத்தில்தான் தடங்கல் என்று மூன்று தடவை விளக்கினேன். தலையாட்டினார். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு நாளில் முடியாது. இன்னும் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் என்னோடு மளிகைக்கடைக்கு வந்தான். கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. அண்ணாந்து பார்த்து, காற்றில் விரலை நகர்த்திக்கொண்டே ஆரம்பித்தான். "இன்... று." அடுத்த சொல்லில் நின்றுவிட்டான். கொம்பு, ர, கால் மூன்றும் ஒரே இடத்தில். நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் சொல்ல வந்தார், கையமர்த்தினேன். "ரெ... ரா... ரொ. ரொக்... கம். நா... ளை. க... டன்." மறுபடி மெதுவாக முதலிலிருந்து முழுதும் சொன்னான், இந்தத் தடவை தனக்குத்தானே. அப்புறம் கடைக்காரரைப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணே, அப்ப நாளைக்கு வந்தாக் கடன் குடுப்பீங்களா?"