கொல்லன் தெருவுல ஊசி கிடைக்கல

நவம்பர் மாசம், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு அம்பது. வெளியில கும்மிருட்டு. மழையில வழுக்குற கல்லு பாவின முற்றத்துல நிக்கிறேன். ஒரு கையில பையன். இன்னொரு கையில, அடி பிளந்து முதலை மாதிரி வாயைத் திறந்துக்கிட்டிருக்கிற அவனோட ஸ்கூல் ஷூ. எதிர்ல செருப்புக்கடை. லைட் எரியுது. கதவுல "5 மணி வரை"ன்னு எழுதியிருக்கு. உள்ள ஒரு அம்மா வாக்குவம் போட்டுக்கிட்டிருக்காங்க. கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்து, சிரிச்சு, "மூடிட்டோம், லவ்" அப்படின்னாங்க.

இங்க யாரையும் கூப்பிடுறது அப்படித்தான். லவ்வாம்! இன்னும் பத்து நிமிஷம் இருக்கேம்மா!

நான் இருக்கிறது கெண்டல். இங்கிலாந்தோட வடமேற்குல, ஏரி மாவட்டத்துக்கு வாசல் மாதிரி ஒரு சந்தை ஊர். 1189லயே சந்தை நடத்த அரசர்கிட்ட சாசனம் வாங்கின ஊர்னு பெருமையாச் சொல்லுவாங்க. சரி, எண்ணூறு வருஷத்துக்கு மேல வியாபாரம் பண்றீங்க. வேலைக்குப் போற மனுஷி எத்தனை மணிக்குக் கடைக்கு வருவான்னு இன்னுமா தெரியல?

அதுலயும் கேட்டது என்ன, செருப்பு. இது செருப்பு ஊருங்க! 1842ல தோல் வியாபாரமா ஆரம்பிச்சு நாடு பூரா பேர் வாங்கின கே ஷூஸ் பிறந்தது இங்கதான். 2003ல ஃபேக்டரியை மூடிட்டாங்க. கொல்லன் தெருவுல ஊசி விக்காதேம்பாங்க நம்ம ஊர்ல. இங்க கொல்லன் தெருவுல ஊசி வாங்கவே முடியல.

ஆனா இந்த ஊர்ப் புதினா சர்க்கரைக் கட்டி, மின்ட் கேக், வேணுமா? எத்தனை வேணும்? வெள்ளை, பழுப்பு, சாக்லெட் பூசினது. 1953ல ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியில தின்னாங்களாம், அதனால மூணு கடைக்கு ஒரு கடையில அடுக்கி வச்சிருக்கான். நான் எவரெஸ்ட் ஏறலைப்பா. என் பையன் நாளைக்கு ஒன்பது மணிக்கு ஸ்கூல் படி ஏறணும்.

ஊரோட அமைப்பு அழகுதான், அதை இல்லைன்னு சொல்லல. மெயின் ரோடு ஒண்ணுதான். ஸ்ட்ரிக்லண்ட்கேட், ஹைகேட், கிர்க்லண்ட்னு பேரை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நீளமாப் போகும். ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு மாதிரி சந்துகள். ‘யார்டு’ன்னு சொல்லுவாங்க. சிலதுக்குப் பேர் உண்டு, சிலதுக்கு ‘யார்டு 83’ன்னு வெறும் நம்பர். முன்னால வசதியானவங்க வீடு, பின்னாலயே நெசவு, சாயம், தோல் பட்டறை, கூலிக்காரங்க குடித்தனம்னு ஒண்டிக்கிட்டுக் கிடந்த இடம். இப்போ அதுல பலது காபிக்கடை, மெழுகுவர்த்திக் கடை, மலையேறுற ஜாக்கெட் கடை.

ஸ்காட்லாந்துக்காரன் கொள்ளையடிக்க வந்தா சட்டுனு அடைச்சுக்கத்தான் இந்தச் சந்துகளை இவ்வளவு குறுகலாக் கட்டினாங்கன்னு ஒரு கதை உண்டு. வரலாறு படிச்சவங்க ஒத்துக்க மாட்டாங்க. நான் நம்புறேன். அந்தப் பழக்கம்தான் இன்னும் போகல. ஸ்காட்லாந்துக்காரன் வர்றது நின்னுபோச்சு, இப்போ என்னைப் பார்த்து அடைக்கிறாங்க.

எனக்கு முதியோர் இல்லத்துல வேலை. ஷிஃப்ட் நாலு மணிக்கு முடியும். பையனைக் கூப்பிட்டுக்கிட்டு, ஊரைச் சுத்துற அந்த ஒருவழிப் பாதைக்குள்ள நுழைஞ்சேன். ஒரு திருப்பத்தை விட்டா தீர்ந்தது, கெண்ட் ஆத்தைத் தாண்டிப் போய் மறுபடி ஆத்தைத் தாண்டி வரணும். விட்டேன். அப்புறம் பார்க்கிங் மெஷின். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரக் காசு. இத்தனையும் தாண்டி வந்தவளுக்குத்தான் வாக்குவம் சத்தம்.

ஞாயித்துக்கிழமை வாயேன்னு யாராவது சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். அன்னிக்கு இந்தக் கடை பூட்டிக் கிடக்கும். ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரத்துக்கு மேல திறக்கக்கூடாதுன்னு 1994ல வந்த சட்டம் 280 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற பெரிய கடைக்குத்தான். சந்துக்குள்ள இருக்கிற சின்னக் கடை எத்தனை மணி நேரம் வேணாலும் திறக்கலாம். சட்டம் கையைக் கட்டல. இவங்களாக் கட்டிக்கிட்டாங்க.

கடைக்காரங்க பாடும் தெரியும். ஒத்தை ஆளா நிக்கிறாங்க, வாடகை, வரி எல்லாம் கழுத்தைப் பிடிக்குது. பக்கத்துல, தானமா வந்த பழைய சாமானை வித்து தர்ம காரியத்துக்குக் கொடுக்கிற தர்மக் கடைக்கு அந்த வரியில 80 சதவீதம் தள்ளுபடி, இவங்களுக்கு அது கிடையாது. அந்த அம்மாவுக்கும் வீட்டுல ஒரு பிள்ளை காத்துக்கிட்டிருக்கலாம். ஆனா காலையில ஒன்பது மணிக்குத் திறந்து வச்சு யாருக்கு வியாபாரம் பண்றீங்க? அந்த நேரத்துல முற்றத்துல புறாதான் நடக்குது. வாரத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், பதினோரு மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடினா என்ன குடி முழுகிப்போயிடும்?

இதுல உச்சம் என்னன்னா, அந்தக் கடை ஜன்னல்லயே ஒரு அட்டை: "உள்ளூர்க் கடைகளை வாழவைப்போம்." வாழவைக்கத்தானே வந்தேன்! கதவைத் திற!

வீட்டுக்கு வந்து ஷூவுக்குப் பசை போட்டு, மேல ரெண்டு அரிசி டப்பாவை ஏத்தி வச்சேன். அப்படியே ஆன்லைன்ல ஒரு ஜோடி ஆர்டர் பண்ணேன். மறுநாள் ராத்திரி ஏழே முக்காலுக்கு, கொட்டுற மழையில, வேன்காரத் தம்பி ஒருத்தர் கதவைத் தட்டினார். பையன் போட்டுப் பார்த்தான்.

"அம்மா, விரல் இடிக்குதும்மா."

ஒரு சைஸ் சின்னது. திருப்பி அனுப்பணும்னா தபால் கவுன்டர்ல கொண்டுபோய்க் கொடுக்கணுமாம். அது அஞ்சு மணிக்கு மூடிடும்.