'வீட்டுல வழுக்கி விழுந்தான்'னு எழுதச் சொல்லாதீங்க அண்ணாச்சி

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலையோ, பேட்டைப் பக்கத்துப் பட்டறையோ, கங்கைகொண்டான் சிப்காட் யூனிட்டோ, எங்கே ஆள் அடிபட்டாலும் முதலாளி தரப்பில் முதலில் கிளம்புகிற யோசனை ஒன்றுதான். "வேலையில பட்டதுன்னு சொல்லிராதீய, வீட்டுல விழுந்ததா சொல்லுங்க. போலீஸு கேஸுன்னு இழுத்துரும்." பின்னால் வருகிற சிக்கலில் பாதி இந்தப் பேச்சில்தான் ஆரம்பம்.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துக் குறிப்பு) போடுவார்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று கூட வந்தவர் சொல்வது அப்படியே அதில் ஏறிவிடும். ரெண்டு மாதம் கழித்து ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் ஊனப்பயன் கேட்கும்போது, முதலாளியான நீங்கள் அனுப்பிய விபத்து அறிக்கை, அதாவது படிவம் 12, 'மெஷின்' என்று சொல்லும், ஏ.ஆர். காப்பி 'வீடு' என்று சொல்லும். அதோடு கோப்பு படுத்துவிடும்.

இதில் தொழிலாளிக்கு மட்டும்தான் நட்டம் என்று நினைக்க வேண்டாம். ஈ.எஸ்.ஐ. உள்ள ஆளுக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீட்டைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன். அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது (2025 நவம்பர் வரை ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு இது). உங்களுக்குக் குடையாக இருக்கிற விதி அது. பொய் சொல்லி அதை நீங்களே மடக்கி வைக்கிறீர்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பர் வரை 1923ஆம் வருடத்துச் சட்டம்) நேராக உங்கள் கல்லாவுக்கு வரும். இறப்பு என்றால் அந்தப் பழைய சட்டத்தில் குறைந்தபட்சமே 1,20,000 ரூபாய். அங்கேயும் கேட்கிற முதல் காகிதம் உங்கள் ஆலையின் விபத்துப் பதிவேடுதான்.

அந்தப் பதிவேடு, ஈ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் படிவம் 11, பல இடத்தில் வாங்கின மேனிக்கு அட்டை மடங்காமல் இருக்கிறது. மூணு வருஷம் நெல் அரைத்த ஆலையில் ஒரு கீறல்கூட இல்லை என்றால் எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்? காலிப் பக்கம்தான் அவருக்கு முதல் சந்தேகம்.

முதலுதவி முடிந்த கையோடு எழுதணும், அன்றைய ஷிப்ட் முடியுமுன். பெயர் ஆதாரில் இருக்கிறபடி, ஈ.எஸ்.ஐ. எண், பிரிவு, ஷிப்ட், நேரம், இடம், அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தார், தகவல் சொன்னவர் கையெழுத்து அல்லது கைநாட்டு, ரெண்டு சாட்சி. பீகார், ஒடிசா பையன்கள் இருந்தால் 'ராஜு' என்று கூப்பிடுகிற பெயரை எழுதிவிடுகிறார்கள், ஈ.எஸ்.ஐ. கார்டில் வேறு பெயர். காண்டிராக்ட் ஆள் என்றாலும் உங்கள் வளாகத்தில் பட்ட அடி உங்கள் நோட்டில் இருக்கணும். காண்டிராக்டர் எழுதுவார் என்று விட்டால் ரெண்டு பேரும் எழுத மாட்டீர்கள்.

அதிகம் கெடுவது 'என்ன செய்துகொண்டிருந்தார்' என்ற கட்டம். 'கவனக்குறைவு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது தீர்ப்பு, நடந்தது என்ன என்று அதில் இல்லை. 'எலிவேட்டர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் சிக்கிய சாக்குத் துணியை வலது கையால் இழுத்தார், பெல்ட்டின் பாதுகாப்பு மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது' என்று எழுதினால்தான் நாளைக்கு அந்த மூடியை மாட்டத் தோன்றும்.

காயத்தின் கட்டமும் அப்படித்தான். 'விரலில் அடி' என்று எழுதக் கூடாது. எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது கணு, எலும்பு போனதா, சதை மட்டுமா என்று வேண்டும். சட்ட அட்டவணைப்படி கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் 14, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் 5. நடுவிரல் முழுதும் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ முழுதும் 7. மெடிக்கல் போர்டு டாக்டர் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார், சரி; ஆனால் அந்த விரல் இந்த விபத்தில் போனதுதானா, பழைய காயமா என்ற கேள்விக்கு உங்கள் நோட்டைத் தவிர வேறு பதில் கிடையாது.

படிவம் 12 கைகால் போகிற காயமோ உயிருக்கு ஆபத்தோ என்றால் உடனே போகணும். மற்றதையும் மறுநாளைக்குள் அனுப்பிவிட்டால் விளக்கம் எழுதுகிற வேலை மிச்சம். 48 மணி நேரமோ மேலேயோ வேலை செய்ய முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தனியாக அறிவிப்பு உண்டு. இதைத் தவிர்க்க, கட்டுப் போட்ட ஆளை மறுநாளே வரச்சொல்லி வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார வைத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசமான ஆவணம் கிடையாது. மருத்துவச் சான்று ஓய்வு என்கிறது, உங்கள் பதிவேடு வேலை என்கிறது. அந்த ஓய்வு நாளுக்குக் கூலியில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. கொடுக்க இருந்ததும் போச்சு.

வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கிற விபத்தும் 2010 முதல் ஈ.எஸ்.ஐ. கணக்கில் வரும். எத்தனை மணிக்கு எந்த வழியில் வந்தார் என்று அதையும் எழுதுங்கள்.

காயத்துக்காவது நோட்டு இருக்கிறது, நோய்க்கு அதுவும் இல்லை. பஞ்சாலையில் வார விடுப்பு முடிந்து வந்த முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்றால் அது பஞ்சுத்தூசு நோயின் ஆரம்ப அடையாளம். லீவு கடிதத்தில் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் வாங்கி வைத்தால் அந்தக் கிழமைக் கணக்கு கண்ணில் படாது. கிரஷர் ஆட்களுக்குக் கல்தூசு, ஜெனரேட்டர் ரூம் ஆட்களுக்கு இரைச்சலால் காது. (குவாரி சுரங்க விதிகளில் வரும், அதற்குப் படிவம் தனி.) சேரும்போதே ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனையும் காது சோதனையும் எடுத்து வையுங்கள். எந்தப் பிரிவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நின்றார் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போடுங்கள். சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் சில நோய்களுக்கு அந்த வேலையில் 6 மாதம் தொடர்ந்து இருந்திருக்கணும். சிலிக்கோசிஸ் (கல்தூசால் வருகிற நுரையீரல் நோய்) மாதிரி நோய் ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் தலைகாட்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன, இனி பழைய நோட்டு எதற்கு என்று கேட்கிறார்கள். படிவ எண் மாறலாம். 48 மணி நேரக் கணக்கு புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

விபத்துப் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து 5 வருடம் வைத்திருக்க ஈ.எஸ்.ஐ. விதி சொல்கிறது. தூசு வேலை நடக்கிற இடத்தில் அது போதாது. பிரிவு வாரியான பக்கத்தையும் சோதனைத் தாள்களையும் ஆலை இருக்கிற வரை வையுங்கள், கீழ்த்தள ரேக்கில் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். எழுதின பக்கத்தை அன்றே போனில் படம் பிடித்து ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிட்டால் தேதியும் தானாக விழுந்துவிடும்.