போன லீவை யார் திருப்பித் தருவார்கள்?

வெள்ளிக்கிழமை இரவு மணி 9:40. முதுகில் 11 கிலோ பையோடு சிங்கப்பூர் பீச் ரோட்டில், மலேசியாவின் ஈப்போவுக்குப் போகும் பேருந்துக்காக நிற்கிறேன். 10 மணிக்குப் பேருந்து. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது: தவிர்க்க முடியாத காரணத்தால் உங்கள் பயணம் ரத்து. புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போது! கூப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடையாது, அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பினாலும் போகாது.

இரண்டு மாதத்துக்கு முன்பே காசு கட்டிய டிக்கெட். மேலாளரிடம் கெஞ்சி வாங்கிய லீவு. ஈப்போவில் இறங்கி, கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊருக்கு ஏறி, மூன்று நாள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடப்பதாக இருந்தேன். மலைக்குளிருக்கு சுவெட்டர், மழைக்கோட்டு எல்லாம் பையில்.

கவுண்டரில் இருந்த பையன் தலை குனிந்தபடி சொன்னான்: "பாதி சீட்டுகூட நிறையல அக்கா. நிறுத்தச் சொல்லிட்டாங்க." அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன். ஆனால் அந்தத் 'தவிர்க்க முடியாத காரணம்' என்னவென்று அப்போது தெரிந்துவிட்டது. ஆள் சேரவில்லை, லாபம் இல்லை, அதனால் வண்டி இல்லை. இதை மதியமே சொல்லியிருந்தால் வேறு வண்டி பார்த்திருப்போமே!

என்னைவிட மோசம், பக்கத்தில் நின்ற வயதான தம்பதி. ஞாயிறு காலை ஈப்போவில் பேத்தி கல்யாணம். பெரியவர் சீர்ப்பெட்டிமேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இப்ப எப்படிம்மா போறது?" என்று அந்த அம்மா என்னைக் கேட்கிறார். நான் என்ன சொல்ல? கடைசியில் மகன் தோ பாயோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

சனி காலை வண்டியைப் பிடித்தால் ஈப்போ சேரவே மாலையாகிவிடும். தானா ராத்தா அறைக்குக் கட்டிய பணமும் திரும்பாது. சரி, பையைப் பிரிக்க மனம் வரவில்லை. விடிந்ததும் சுவெட்டரை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு புக்கிட் பாஞ்சாங் போய், பழைய தண்டவாளப் பாதையில் தெற்கே நடக்க ஆரம்பித்தேன். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவோடு அதில் ரயில் நின்றுபோனது. சிறுவயதில் அப்பா என்னை ஈப்போவுக்கு அழைத்துப்போனது இதே பாதையில்தான்.

மரங்கள் இருபுறமும் கவிந்து நிற்கும் இடங்களில் சாலைச் சத்தமே இல்லை. ஹில்வியூ தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரும்புப் பாலத்தைத் தாண்டி, 1932இல் கட்டிய புக்கிட் தீமா நிலையத்தின் நிழலில் பையை இறக்கினேன். நிலையத்தைப் பழுதுபார்த்து 2022இல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் கோபம் இரண்டு மடங்கானது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அந்தக் காலத்தில் ஓட்டுநர் கையில், எதிரே வேறு வண்டி இல்லை என்பதற்கு அடையாளமான சாவி வளையம் இல்லாமல் வண்டி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ரயில் மெதுவாக வரும், நிலையத்துக்காரர் நடைமேடையில் நின்று வளையத்தை நீட்டுவார், ஓட்டுநர் அதற்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வார். பயணிகளின் உயிருக்குப் பொறுப்பாக அங்கே ஒரு மனிதர் நின்றார். எங்கள் பயணத்தை ரத்து செய்த ஆள் எங்கே நின்றார்? பெயர் உண்டா, முகம் உண்டா?

பாதங்களில் இரண்டு கொப்புளங்களோடு போனா விஸ்தாவில் வெளியே வந்து ஒரு கடையில் தே தாரிக் குடித்தேன். நல்ல நடை, மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டு: "எல்லாம் நல்லதுக்குத்தான், இல்லன்னா அந்தப் பாதையை நீ பார்த்திருப்பியா?" தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். அந்தப் பாதை அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும், காசும் வேண்டாம், லீவும் வேண்டாம். நான் நடந்தது என் கால்களின் உழைப்பு. அதைக் கொண்டுபோய் அந்த நிறுவனத்தின் கணக்கில் ஏன் வரவு வைக்கிறீர்கள்? பேத்தி கல்யாணத்துக்குப் போக முடியாமல் தவித்த அந்தப் பெரியவரிடம் போய் 'எல்லாம் நல்லதுக்கு' என்று சொல்வீர்களா?

திங்களன்று மின்னஞ்சல் வந்தது. டிக்கெட்டுக்குக் கட்டிய 55 வெள்ளியைப் பணமாகத் தர மாட்டார்களாம், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம், அதுவும் ஆறு மாதத்துக்குள். இவர்களை நம்பி இன்னொரு தடவை நான் ஏற வேண்டுமாம்!

மாட்டேன். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்கிறது, வக்கீல் வைக்கத் தேவையில்லை. டிக்கெட், குறுஞ்செய்தி, அறைக்குக் கட்டிய ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பெரியவரின் மகனையும் கூப்பிட்டுப் பேசினேன். வியாழக்கிழமை அவர்களுடைய டிக்கெட்டைக் கொண்டுவந்து தருகிறார்.